சுப்பையா கட்டிய இடிந்த மடம்

இடிந்த மடம் ஒன்றைப் புதிதாகக் கட்டித் தர வேண்டும் என்று பல்லா சாகிப் சொன்னபோது காலை பதினோரு மணி. அவர் கையில் இருந்தது லஸ்ஸிதான். எனக்கும் அதே ஜாடியிலிருந்துதான் ஊற்றினார்கள் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

இடம், தில்லியின் தெற்குக் கோடியில் அவருடைய பண்ணை வீடு. பண்ணை என்று பெயரே தவிர அங்கே ஒரு கத்தரிச் செடி கிடையாது. மூன்று ஏக்கர் புல்வெளி, வாத்து இல்லாத ஒரு குளம், அவ்வளவுதான். பல்லாவின் ஒரே மகளுக்கு டிசம்பர் பதினொன்றாம் தேதி கல்யாணம். மாப்பிள்ளை, லண்டனில் வேலை பார்க்கும் லூதியானாப் பையன். இங்கிலாந்து நாட்டுப்புறத்தில், ஆடு மேயும் ஒரு மேட்டில், எண்ணூறு வருஷத்து மடம் ஒன்று இடிந்து கிடக்கிறது. புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் இருந்த மடம். ஆங்கிலத்தில் அவரை பெனடிக்ட் என்பார்கள். அந்த இடிபாட்டில் வைத்துத்தான் பையன் முழங்காலிட்டு, என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டிருக்கிறான். கல்யாணமும் அதே இடிபாட்டில்தான் என்று பெண் பிடிவாதமாக நின்றாள். பல்லாவுக்கு நெருங்கிய சொந்தம் மட்டுமே அறுநூறு பேர். அத்தனை பேருக்கும் விசா கிடைக்காது என்று தெரிந்ததும், மடத்தை இங்கே வரவழைப்பதுதான் சுலபம் என்று முடிவு செய்துவிட்டார்.

"நாலு ஆர்க்கிடெக்டைக் கேட்டேன்" என்றார் இந்தியில். "மூன்று பேர் தெர்மாகோலில் செய்யலாம் என்றார்கள். நாலாமவன் சிரித்தான். எனக்குக் கல்லில் வேண்டும். என் மகள் சாய்ந்து நின்றால் மடம் சாயக் கூடாது."

"கவலையே வேண்டாம் சார்" என்று டேவிட்சன் என் தோளில் கை போட்டான். "எங்க அங்கிள் அந்த மடத்துலேயே மூணு மாசம் தங்கியிருக்காரு."

டேவிட்சன் கல்யாணப் பந்தல் அலங்காரம் எடுத்துச் செய்கிறவன். தில்லியில் பிறந்து வளர்ந்த பையன். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, தும்மினால் இரண்டும் வரும். அவன் சொன்ன அந்த மூன்று மாதத்தை நான் கொஞ்சம் விளக்க வேண்டும்.

கோல் மார்க்கெட் பக்கத்துத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் டீ குடிக்கும்போது, இங்கிலாந்தில் ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளோடு நான் மூன்று மாதம் தங்கி, அவர்களுக்கு மிளகு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்த கதையைச் சொல்வது வழக்கம். அங்கே பேசக் கூடாது என்பது விதி. ரசத்தைக் குடித்த மூத்த துறவி நாற்பது வருஷ மௌனத்தைக் கலைத்து, "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டார் என்று முடிப்பேன். இதுவரை யாரும் மறுத்ததில்லை.

நடந்தது என்னவென்றால், அங்கே நர்ஸாக இருக்கும் என் மகள் ஹெலன் ஒரு சனிக்கிழமை என்னைக் காரில் ஏற்றி அப்படிப்பட்ட இடம் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு மணி நேரம் இருந்தோம். அதில் முக்கால் மணி நேரம் கழிப்பறை தேடுவதில் போயிற்று. மீதி நேரம் ஒரு தூணின் அடியில் உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். கூரை கிடையாது. பாதி வளைவு ஒன்று ஆகாயத்தில் நின்றது. துறவிகள் படுத்திருந்த கூடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. கடைசித் துறவி வெளியேறி ஐந்நூறு வருஷம் ஆகியிருந்ததால் ரசம் வைப்பதற்கான சந்தர்ப்பம் அமையவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையின் சின்னக் கூரைக்குக் கீழே ஒதுங்கி, அதில் எழுதியிருந்ததை நாலு தடவை படித்தேன்.

"ஆமாம் சார், மூன்று மாதம்" என்றேன் பல்லாவிடம். அது தானாக வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து நான் மடத்துக்கு ஆலோசகர்.

கட்டுவதற்கு டேவிட்சன் பிடித்து வந்த ஆள் சுப்பையா மேஸ்திரி. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரன். முப்பத்திரண்டு வருஷமாகத் தில்லியில் சுவர் எழுப்புகிறவன். புது ரசமட்டம் வாங்கியவர்கள் அதை அவன் சுவரில் வைத்துப் பார்ப்பார்கள். சுவர் சரியா என்று பார்க்க அல்ல, ரசமட்டம் சரியா என்று பார்க்க. சரோஜினி நகரில் பழைய குடியிருப்பு ஒன்றை இடித்தபோது அவன் கட்டிய கழிப்பறைச் சுவர் மட்டும் இடிய மறுத்துவிட்டது என்றும், கடைசியில் அதைப் புதுக் கட்டடத்தின் வரைபடத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. நான் கிளப்பியிருந்தால் இரண்டு சுவர் என்று சொல்லியிருப்பேன்.

ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பியவனுக்கு வீடு இல்லை. அவனும், அவனிடமே சித்தாளாக வேலை செய்யும் அவன் மனைவி சந்திரம்மாளும் இருந்த குடிசையை மூன்று இடங்களில் மூன்று தடவை எடுத்துவிட்டார்கள். இப்போது மேம்பாலம் ஒன்றின் ஓரத்தில் நீலத் தார்ப்பாய்.

பல்லா தாராளமான மனிதர்தான். கேட்டை ஒட்டிக் காலியாகக் கிடந்த காவல்காரர் அறையைச் சுப்பையாவுக்குக் காட்டினார். நாலு செங்கல் சுவர், மேலே தகரம். நிலையையும் கதவையும் யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"பதினொன்றாம் தேதி காலையில் என் மகள் வந்து பார்க்கும்போது மடம் அவள் போட்டோ மாதிரியே இடிந்திருக்க வேண்டும். இருந்தால் இந்த அறை உங்களுக்கு. புருஷனும் பெண்டாட்டியும் கேட்டைப் பார்த்துக்கொண்டு ஆயுள் முழுக்க இருங்கள். இல்லையென்றால் வேறு காவல்காரன் வருவான்."

சந்திரம்மாள் அறைக்குள் போய்க் காலால் நீளத்தை அளந்தாள். மூலையில் குந்தி உட்கார்ந்து, இல்லாத அடுப்பை ஊதிப் பார்த்தாள். வெளியே வந்து, "போட்டோவக் காட்டச் சொல்லு" என்றாள் புருஷனிடம்.

மணப்பெண் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினாள். சுப்பையா வெகுநேரம் பார்த்தான்.

"மீதி எங்க?"

"மீதி கிடையாது மேஸ்திரி. இதான் ஃபுல்லு" என்றான் டேவிட்சன்.

"இதுல பாதிதான் இருக்குது."

"ஆமா. பாதிதான் ஃபுல்லு."

சுப்பையா போட்டோவைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கேயும் மீதி இல்லை.

"பாதி ஆர்ச்சு கட்ட முடியாதுங்கய்யா" என்றான் என்னிடம். "ரெண்டு பக்கத்துக் கல்லும் நடுவுல வந்து ஒண்ண ஒண்ணு முட்டிக்கினாத்தான் அது நிக்கும். முழுசா கட்டணும். நல்லா இறுகணும். அப்பால வேணாங்கறத எடுக்கணும்."

அதாவது, இடிந்த மடம் வேண்டுமானால் முதலில் இடியாத மடம் ஒன்று வேண்டும். இதை நான் பல்லாவுக்கு இந்தியில் சொன்னேன். அவர் லஸ்ஸியைக் கீழே வைத்தார், யோசித்தார், "அச்சா" என்றார். பணக்காரர்களிடம் எனக்குப் பிடித்த குணம் இது. விஷயம் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் அதில் ஓர் ஒழுங்கு இருந்தால் ஒத்துக்கொள்வார்கள்.

ஆகஸ்டில் ஆரம்பித்தார்கள். தோல்பூர்க் கல் லாரி லாரியாக வந்தது. ஆலோசகர் என்ற முறையில் நான் நாற்காலியில் உட்கார்ந்து, துறவிகள் இங்கேதான் உண்டார்கள், இங்கேதான் உறங்கினார்கள் என்று கைத்தடியால் காட்டிக்கொண்டிருந்தேன். கல்யாண விருந்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று சாப்பாட்டுக் கூடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகக் காட்டினேன்.

சிக்கல் வடக்குச் சுவரில் தொடங்கியது. போட்டோவில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சுப்பையாவால் சுவரைச் சாய்க்க முடியவில்லை. இரண்டு வரிசை சாய்வாக வைப்பான்; மூன்றாவது வரிசையில் அவனை அறியாமல் கை நிமிர்த்திவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டச் சொன்னேன். முன்னைவிட நேராக வந்தது. இடது கையால் கட்டிப் பாரும் என்றேன். அப்போதுதான் அவன் பிறவியிலேயே இடது கைக்காரன் என்பதும், முப்பத்திரண்டு வருஷமாகச் சரியில்லாத கையால்தான் கட்டிக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரியவந்தது. அன்று எழும்பிய சுவரில் ஏறிய பல்லி இரண்டு தடவை வழுக்கி விழுந்தது. மூன்றாவது தடவை அது வேறு வழியாகப் போய்விட்டது.

"வுட்ருங்கய்யா" என்றாள் சந்திரம்மாள், சாந்துச் சட்டியை இறக்கியபடி. "இந்த ஆளு கல்யாணத்தப்ப தாலி முடிச்சக்கூட தூக்குக்குண்டு புடிச்சுப் பாத்துத்தான் போட்டாரு."

நவம்பரில் மேற்கு வாசலுக்கு மரநிலை வந்தது. சால் மரம். ஒன்பது அடி உயரம். உச்சியில் கை கூப்பினாற்போலக் கூர்மை. கனமான கதவும் அதனோடு சேர்ந்தே வந்திருந்தது. போட்டோவில் அந்த நிலை கிடையாது, கதவும் கிடையாது. துறவிகளின் மடத்துக்குக் கதவு இல்லாமல் எப்படி என்று நான்தான் யோசனை சொல்லிவைத்தேன். வந்த மறுநாள் காலை நான் போனபோது நிலை நின்றுகொண்டிருந்தது. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டியிருந்தது. அடியில் நவதானியம் போட்டாகிவிட்டது. கண் பிதுங்கிய முகம் வரைந்த பூசணிக்காய் ஒன்று உச்சியில் தொங்கியது. சந்திரம்மாள் எல்லோருக்கும் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

டேவிட்சன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அரே மேஸ்திரி, யே க்யா கியா? இது டெம்பரரி. பதினஞ்சு நாள்ல ஒடைக்கப் போறோம். இதுக்கு எதுக்குப் பூஜா?"

சுப்பையாவின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கே அப்போதுதான் உறைத்திருந்தது. நிலை என்று ஒன்று கைக்கு வந்தால் நல்ல நேரம் பார்த்து, பூசை போட்டு நிறுத்துவதுதான் அவன் பழக்கம். கை செய்து முடித்துவிட்டது. தலையைக் கேட்கவில்லை.

"உங்க சாமி ஊடுதான பெரியவரே, நீங்களும் ரெண்டு வார்த்த சொல்லுங்க" என்றாள் சந்திரம்மாள்.

நான் சிறுவயதில் பாதிரியார் ஆவதற்காகக் குருமடத்தில் இரண்டு வருஷம் படித்தவன். லத்தீனில் எனக்கு முழுதாக மிஞ்சியிருப்பது ஒரே ஒரு ஜெபம், சாப்பாட்டுக்கு முன் சொல்வது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். வேலையாட்கள் எட்டுப் பேரும் கைகூப்பி நின்றார்கள்.

"என்ன அர்த்தம்?" என்றாள் சந்திரம்மாள்.

பொரிகடலைக்குச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? எட்டு முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அப்படி முகங்களைப் பார்த்தால் எனக்கு நாக்கு நிற்காது.

"இந்த வாசலை இடிக்கிறவன் வேறு எந்த வாசலிலும் குடியிருக்க மாட்டான்" என்றேன்.

நல்ல வாக்கியம்தான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நவம்பர் இருபதாம் தேதி மடம் முடிந்தது. தில்லிப் புகைக்கு நடுவே அது நின்ற நிற்பைப் பார்த்து, எண்ணூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன துறவிகள் பெட்டி படுக்கையோடு வந்து நின்றிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். இருபத்திரண்டாம் தேதி டேவிட்சன் ஜேசிபி கொண்டுவந்தான். சுப்பையா மேற்கு வாசலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னவே மேஸ்திரி, நகரும்" என்றேன்.

"முடியாதுங்கய்யா. நிலை வெச்சா அது ஊடு. வெச்ச கையே ஒடைக்கலாமா? ஒடைச்சா அந்தக் கைக்கு ஊடு தங்காது. எங்க பக்கம் அப்பிடித்தான். உங்க பக்கமும் அப்பிடித்தான்னு நீங்களே மந்திரம் சொல்லிட்டீங்க."

"நீர் உடைக்க வேண்டாம். ஜேசிபி உடைக்கட்டும்."

"வெச்ச கை என்னுது."

ஜேசிபி ஓட்டி வந்தவன் பீகார்க்காரன். என்ன தகராறு என்று விசாரித்தான். பூசணிக்காயைப் பார்த்தான். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வண்டியைப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய்விட்டான். அடுத்து வந்தவன் தைரியசாலி. எதையும் கேட்கவில்லை. வடக்குச் சுவரில் ஓங்கி ஓர் இடி இடித்தான். ஜேசிபியின் பல் இரண்டு உடைந்து விழுந்தன. சுவரில் ஒரு கீறல் விழுந்தது. சுப்பையா ஓடிவந்து சாந்தை அப்பி அந்தக் கீறலைப் பூசிவிட்டான். பூசிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

பல்லா வந்தார். மடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "ரொம்ப அழகாக இருக்கிறது" என்றார் வருத்தமாக. "இன்னும் பத்தொன்பது நாள். கேட்டுக்கு வேறு ஆள் பார்க்கட்டுமா?"

சந்திரம்மாள் அன்று சாப்பிடவில்லை. புருஷனைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வழக்கமாக அவள் திட்டும் வேகத்தில்தான் சாந்தே குழையும்.

மறுநாள் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். எழுபத்தெட்டு வயதில் நான் முதல் தடவையாக ஒரு கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ள முயன்றேன்.

"சுப்பையா, நான் சொன்னது சாபம் இல்லவே. அது சாப்பாட்டு ஜெபம். 'ஆண்டவரே, இந்தச் சாப்பாட்டை ஆசீர்வதியும்.' அவ்வளவுதான் அர்த்தம்."

சுப்பையா என்னைப் பரிவோடு பார்த்தான். "எங்களுக்கு ஊடு கெடைக்கணும்னு பொய் சொல்றீங்க. உங்க நல்ல மனசு புரியுதுங்கய்யா."

"பொய் இல்லவே! சத்தியமா!"

"பெரியவங்க எங்களுக்காவ சத்தியம் வேற பண்ணாதீங்க. பாவம் உங்களுக்கு வரும்."

"நான் அந்த மடத்தில் மூன்று மாதம் தங்கவே இல்லை. இரண்டு மணி நேரம்."

"பாத்தியா" என்றான் சுப்பையா மனைவியிடம், கண் கலங்கி. "நமக்காவ தன்னையே கொறச்சுப் பேசறாரு."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையை இவ்வளவு மலிவாக நடத்தும் மனிதர்களிடம் மேலே என்ன பேசுவது? வாயை மூடிக்கொண்டு எழுந்தேன்.

"நில்லுங்க பெரியவரே" என்றாள் சந்திரம்மாள். "அந்த ஊரு மடத்த யாரு இடிச்சது? இடி விழுந்துதா, இல்ல சண்ட கிண்டயா?"

பலகையில் நாலு தடவை படித்தது நினைவுக்கு வந்தது. கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். எனக்கே விசித்திரமாக இருந்தது.

"ஒரு ராஜா. இருக்கிற ராணியைத் தள்ளிவிட்டு வேறு கல்யாணம் பண்ண ஆசைப்பட்டான். சாமியார்களுடைய பெரிய தலைவர் கூடாது என்றார். கோபத்தில் நாட்டில் இருந்த மடங்களையெல்லாம் காலி பண்ணச் சொல்லிவிட்டான். துறவிகள் போனார்கள். ராஜாவின் ஆட்கள் கூரையில் இருந்த ஈயத்தை உரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். சுவர் அப்படியே நின்றது. பிறகு சுற்றுப்பட்ட ஜனங்கள் வந்தார்கள். மாட்டுக் கொட்டகைக்கு ஒருத்தன் நாலு கல் எடுத்தான். வீட்டுப் படிக்கு ஒருத்தி ரெண்டு கல் எடுத்தாள். அப்படியே இருநூறு வருஷம். எடுத்தது போக மீதிதான் இப்போது இருப்பது."

சந்திரம்மாள் கேட்டை ஒட்டிய அறையைத் திரும்பிப் பார்த்தாள்.

"சனங்க ஊடு கட்டறதுக்கு எடுத்தாங்க."

"ஆமாம்."

"நாமளும் அப்பிடித்தான் எடுக்கணும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்க சின்ன மாமன் பழைய ஊட்டப் பிரிச்சப்ப மொதல்ல என்னாத்த எடுத்தாரு? நிலைய. கற்பூரம் காட்டி, வண்டியில ஏத்தி, புது ஊட்டுல கொண்டாந்து வெச்சாரு. நிலை போற எடத்துக்கு ஊடு போவும். அப்பால அங்க கெடக்கறது வெறும் கல்லு. அத யாரும் எடுக்கலாம். இந்த ஒன்பதடி நிலைய நம்ம ரூம்புல வெச்சுட்டா?"

சுப்பையாவின் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. "ரூம்பு நமக்கு இன்னும் வரலியே. மடம் இடிஞ்சாத்தான் ரூம்பு. ரூம்பு வந்தாத்தான் நிலைய எடுக்க முடியும். நிலைய எடுத்தாத்தான் மடம் இடியும்."

சந்திரம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "இத்தினி வருசமா நீ சுவரக் கட்டற, நான் கல்லு சுமக்கறேன். இன்னிக்கி நான் பேசறேன், நீ நில்லு" என்று சொல்லிவிட்டு நேராகப் பல்லாவின் வீட்டுக்குள் போனாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

அவளுடைய இந்தியில் ஆணும் பெண்ணும் கிடையாது, நேற்றும் நாளையும் கிடையாது. ஆனால் யாருக்கும் புரியாமல் போனதில்லை. "சாஹிப், ரூம் பஹ்லே. மடம் பாத் மே. ஜல்தி" என்றாள்.

பல்லா புருவத்தை உயர்த்தினார். "முதலில் அறையா? அறையை வாங்கிக்கொண்டு மடத்தை உடைக்காவிட்டால்?"

"உடைக்கப் போவதில்லை சார்" என்று நான் நுழைந்தேன். "அசல் மடமும் உடைக்கப்பட்டது அல்ல. ஏழை ஜனங்கள் கல் கல்லாக எடுத்துக்கொண்டு போனார்கள். நாமும் அதே முறையில் செய்தால்தான் அசல். ஜேசிபி வைத்து உடைத்தால் அது இடிபாடு இல்லை, மல்பா."

மல்பா என்ற சொல்லைக் கேட்டதும் மணப்பெண் முகத்தைச் சுளித்தாள். தில்லியில் வீடு இடித்த குப்பைக்கு அதுதான் பெயர். தெருவுக்குத் தெரு கிடக்கும். "டாடி, நான் மல்பாவில் கல்யாணம் செய்துகொள்ள மாட்டேன்" என்றாள். பல்லா அங்கேயே சாவியைத் தேடினார். பூட்டுவதற்குக் கதவே இல்லாத அறைக்குச் சாவி எங்கே இருக்கும்? கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை நிலை கிளம்பியது. கற்பூரம் காட்டி எட்டுப் பேர் தூக்கினார்கள். மந்திரத்தையும் கூடவே எடுத்து வர வேண்டும் என்று சந்திரம்மாள் சொல்லிவிட்டதால், மடத்திலிருந்து கேட் வரைக்கும் இருநூற்று நாற்பது அடி தூரம் நான் நிலைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தபடி சாப்பாட்டு ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். இருபத்தாறு தடவை. அன்று மத்தியானம் வழக்கத்தைவிட அதிகமாகப் பசித்தது.

அறையின் சுவர் ஏழு அடிதான். நிலை ஒன்பது அடி. சுப்பையா நிலையைக் குறைக்க ஒத்துக்கொள்ளவில்லை. சுவரை உயர்த்தினான், தகரத்தை மேலே ஏற்றினான், கதவை மாட்டினான். இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை அவனே கொல்லனிடம் சொல்லிச் செய்து வந்து முடுக்கினான். எதிரில் நின்று பார்த்தால், ஓர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி காவல்காரராக வேலைக்குச் சேர்ந்ததுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் வந்தார்கள். மேம்பாலத்து ஓரத்திலிருந்தும், அதற்கு அப்பால் இருந்த குடிசைகளிலிருந்தும், சொன்னவர் சொல்லாதவர் எல்லோரும். ஆராயி என்ற ஒரு பெண்மணி, துணி துவைக்க ஒரு கல்லைத் தலையிலும், வாசலில் சாக்கடைத் தண்ணீர் ஏறாமலிருக்க இன்னொன்றை இடுப்பிலும் கொண்டுபோனாள். ஜெயபால் என்ற தள்ளுவண்டிக்காரர் வண்டி நிறைய ஏற்றி, நாலு நடை போனார். சுப்பையா சாரத்தின் மேல் நின்று, எந்தக் கல்லை யார் எடுக்கலாம் என்று கை காட்டினான். "அத வுடு, அது தாங்குது. இத எடு. அதுக்கு மேல இருக்கறத மொதல்ல." கட்டும்போது எவ்வளவு கணக்காகக் கட்டினானோ அதே கணக்கில் பிரித்தான். பாதி ஆர்ச் ஒன்று, பின்னால் இருந்த சுவரின் கனத்தைப் பிடித்துக்கொண்டு, ஆகாயத்தில் நின்றது. ஜேசிபிக்கு அசையாத வடக்குச் சுவரும், பார்வைக்குச் சாய்ந்ததுபோல ஓர் ஓரம் மட்டும் மிஞ்ச, சாயங்காலத்துக்குள் கைகளில் ஏறிப் போய்விட்டது.

இங்கிலாந்தில் இருநூறு வருஷம் பிடித்த வேலை. எங்கள் ஆட்கள் டீ நேரம் போக ஒன்பது மணி நேரத்தில் முடித்தார்கள்.

பதினொன்றாம் தேதி காலை மணப்பெண் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு மடத்தைச் சுற்றி வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள். "இங்கே ஒரு கல் அதிகமாக இருக்கிறது" என்றாள். சந்திரம்மாள் எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் குறை.

கல்யாணத்துக்கு அறுநூறு பேர் என்று அழைத்து எண்ணூறு பேர் வந்தார்கள். கேட்டுக்குள் நுழைந்ததும் அவர்கள் கண்ணில் முதலில் பட்டது காவல்காரர் அறை. ஒன்பதடிக் கூர்வாசல், கனத்த கதவு, இன்னும் மங்காத மஞ்சள் குங்குமம். இதுதான் மடம் என்று நினைத்து அங்கேயே நின்று படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பின்னால் வந்தவர்கள், முன்னால் நிற்கிறார்களே என்று வரிசையில் நின்றார்கள். மாப்பிள்ளையின் லண்டன் நண்பன் ஒருவன் கதவைத் தடவி, பதிமூன்றாம் நூற்றாண்டு என்றான். நான் பன்னிரண்டு என்று திருத்தினேன். உண்மையான மடம், அதாவது நாங்கள் கட்டிப் பிரித்த மடம், புல்வெளிக்கு அந்தப் பக்கம் நாலு ஆடுகளோடு தனியாக நின்றது. ஆடுகளும் என் ஆலோசனைதான்.

சந்திரம்மாள் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஜரிகைத் தலைப்பாகைக்காரர் ஒருவர், "உள்ளே பலிபீடம் இருக்கிறதா?" என்று எட்டிப் பார்த்தார்.

அவள் உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

டேவிட்சன் வியர்க்க வியர்க்க ஓடி வந்தான். "அங்கிள், ஃபோட்டோகிராஃபர் பொண்ணு மாப்பிள்ளைய இந்தக் கதவு முன்னாடி, கதவத் தொறந்து வெச்சு எடுக்கணும்ங்கறான். பல்லா சார் வெயிட் பண்றாரு. ரெண்டு மினிட், அவ்ளோதான். நீங்க சொன்னா ஆண்ட்டி கேப்பாங்க. ப்ளீஸ் அங்கிள்."

எண்ணூறு பேரும் பார்க்க நான் படியேறினேன். கைத்தடியால் தட்டினேன்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

"யாரு?" என்றாள் சந்திரம்மாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் வீட்டை யாரும் தட்டியதில்லை. தார்ப்பாயை எப்படித் தட்டுவது? வருகிறவர்கள் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்கள். அந்தக் கேள்வி அவள் வாயிலிருந்து கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

"நான்தான் சந்திரம்மா. சத்தியசீலன்."

"எந்த சத்தியசீலன்?"

உள்ளே சுப்பையா சிரிப்பது கேட்டது. "தொறந்துடு, பெரியவரு" என்றான்.

"நீ சும்மா இரு. கேக்கட்டும்" என்றாள் அவள்.

நான் பின்னால் திரும்பி டேவிட்சனைப் பார்த்தேன். பல்லாவைப் பார்த்தேன். மணப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். "வீட்டில் ஆள் இருக்கிறது" என்று அவர்களுக்கு இந்தியில் சொல்லிவிட்டு, மறுபடியும் தட்டினேன்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து. இந்தத் தடவை குரல் நன்றாக ஏறியிருந்தது.